இடுப்பு வாரில் பிறந்த பயணம்

1787 மார்ச் 6ஆம் தேதி. நேப்பிள்ஸ் நகருக்குக் கிழக்கே, வெசுவியஸ் மலையின் உச்சிக் கூம்பில் உள்ளூர்க்காரர்கள் இருவர் இடுப்பில் தோல்வார் கட்டிக்கொண்டு முன்னால் ஏறுகிறார்கள். ஒருவர் வயதானவர், மற்றவர் இளைஞர். வயதானவரின் வாரைப் பற்றியபடி பின்னால் ஏறுகிறவர் ஜெர்மானியக் கவிஞர் கதே. இளைஞரின் வாரைப் பிடித்திருப்பவர் கதேயின் ஓவிய நண்பர் டிஷ்பைன். சாம்பலும் சரளையும் குவிந்த சரிவு அது. காலை ஊன்றினால் உள்ளே புதையும். இரண்டடி ஏறினால் ஓரடி கீழே சறுக்கும். முன்னால் ஒருவர் இழுக்காவிட்டால் பாதி வழியிலேயே மூச்சிரைத்து உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

மேலே போனபின்தான் கதேக்கு ஆசை பெரிதானது. மலை விட்டுவிட்டுக் கற்களை வீசிக்கொண்டிருந்தது. ஒரு வீச்சு முடிந்து அடுத்த வீச்சு வருவதற்குள் சிறிது இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்குள் ஓடிப்போய் எரிமலை வாயை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று அவர் கேட்டார். இளைய வழிகாட்டி துணிந்து சரி என்றான். தொப்பிக்குள் துணிகளையும் பட்டுக் கைக்குட்டைகளையும் திணித்துக்கொண்டார்கள். கதே அவனுடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார். கற்கள் விழுந்து அடங்குவதற்குள்ளாகவே அவன் அவரை இழுத்துக்கொண்டு ஓடினான். விளிம்பில் நின்று பார்த்தால் புகையைத் தவிர எதுவும் தெரியவில்லை. புகை விலகினால் ஏதாவது தெரியாதா என்று நின்றதில், வினாடிகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். அடுத்த வீச்சு அவர்களைத் தாண்டி மேலே பறந்தது. குனிந்து, பதுங்கி, சாம்பல் மூடிய தோள்களோடு கூம்பின் அடிவாரத்துக்கு உயிரோடு வந்து சேர்ந்தார்கள்.

எரிமலையைப் பார்க்கப் போகும் பயணம் எங்கே பிறந்தது என்று கேட்டால் நான் அந்த வாரைத்தான் காட்டுவேன். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஏறியவர்களின் பெயர்களைக் கோத்துக் கொடுப்பார்கள்: பேரரசர், பாதிரியார், தூதர், கவிஞர், நாவலாசிரியர். ஏற்றிவிட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. கதேயை இழுத்துக்கொண்டு ஓடிய அந்த இளைஞனின் பெயரை கதேயே எழுதிவைக்கவில்லை. ஆனால் மலையின் மூச்சை எண்ணத் தெரிந்தவன் அவன்தான். அவனைப் போன்றவர்கள் ஊர் முழுக்க இருந்ததால்தான் ஒரு சிலரின் சாகசம் நாளடைவில் பலரின் பயணமானது.

அதற்கு முன்பு மனிதர்கள் எரிமலை ஏறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜப்பானில் ஃபூஜி மலையை நூற்றாண்டுகளாக வழிபாட்டுக்காக ஏறியிருக்கிறார்கள். ஜாவாவின் தெங்கர் மக்கள் இன்றும் காசடா விழாவில் புரோமோ எரிமலையின் வாய்க்குள் காணிக்கை இடுகிறார்கள். அது நேர்த்திக்கடன், வேண்டுதல். நான் சொல்லவருவது வேறொரு ஆசையை: உள்ளே என்ன எரிகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காகவே, கூலி கொடுத்து ஏறுவது. அதற்கும் பழைய சான்று இருக்கிறது. சிசிலித் தீவின் எட்னா மலையைப் பற்றி ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, மலையடிவாரத்தில் எட்னா என்றே ஒரு சிற்றூர் இருந்ததாகவும், ஏற வருகிறவர்களுக்கு அவ்வூரார் தங்க இடம் கொடுத்து அழைத்துப் போனதாகவும் குறிப்பிடுகிறார். சமீபத்தில் ஏறிவந்தவர்கள் சொன்னதையும் பதிவு செய்திருக்கிறார். உச்சியில் சாம்பல் வரப்பு சூழ்ந்த ஒரு சமவெளி இருந்ததாம். இரண்டு பேர் அதற்குள் இறங்கி நடந்துபார்த்து, போகப்போக மணல் சூடேறியதால் திரும்பிவிட்டார்களாம். ரோமப் பேரரசர் ஹாட்ரியன் எட்னாவில் ஏறியது சூரிய உதயத்தைப் பார்ப்பதற்காக என்று அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. ஆக, விருந்தோம்பலும் வழிகாட்டலும் அப்போதே ஓர் ஊரின் தொழிலாக இருந்திருக்கிறது. ஆனால் அது தொடரவில்லை. ரோமப் பேரரசோடு அந்தப் பழக்கமும் மங்கிப்போனது.

வெசுவியஸின் கதை வேறு. ஸ்ட்ராபோ காலத்தில் அதன் சரிவுகளில் வயலும் தோட்டமுமாக இருந்தது. உச்சியின் கருகிய பாறைகளைப் பார்த்து இது ஒருகாலத்தில் எரிந்த மலையாக இருக்கும் என்று அவர் ஊகித்தார். அந்த ஊகத்தை கி.பி. 79இல் மலை மெய்ப்பித்தது. பொம்பேயி, ஹெர்குலேனியம் நகரங்கள் புதைந்தன. மக்களை மீட்கக் கப்பல்களோடு போன மூத்த பிளினி, ஸ்டாபியே கடற்கரையில் மூச்சுத் திணறி இறந்தார். முசிறித் துறைமுகத்தையும், மதுரையிலிருந்து ஆண்ட பாண்டியனையும் தம் 'இயற்கை வரலாறு' நூலில் குறித்துவைத்த அதே பிளினிதான். தமிழகத்தின் மிளகு வணிகத்தைப் பற்றி எழுதும்போதெல்லாம் நாம் அவரை மேற்கோள் காட்டுகிறோம். அவர் எந்த மலையால் இறந்தார் என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை.

பயணம் பிறப்பதற்கான காரணம் 1631இல் நிகழ்ந்தது. அதற்கு முன் வெசுவியஸ் நெடுங்காலம் உறங்கிக் கிடந்தது. எரிமலை வாய்க்குள்ளேயே மரங்கள் வளர்ந்து, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி மலை வெடித்து ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அதன்பின் 1944 வரை, ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக, மலையின் தொண்டை திறந்தே இருந்தது. நடுநடுவே சில ஆண்டுகள் அடங்கும், பிறகு மீண்டும் தொடங்கும். அவ்வப்போது பேரழிவும் நடந்தது. ஆனால் பெரும்பாலான நாட்களில் நடந்தது வேறு. அடியிலிருந்து ஏறிவரும் எரிகுழம்பில் கரைந்திருக்கும் வாயுக்கள், திறந்த குழாய் வழியாகக் குமிழியாய் வெளியேறி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கற்களைத் தூக்கி எறிந்தன. குழாய் அடைபட்டிருந்தால் அழுத்தம் சேர்ந்து ஒரேயடியாக வெடிக்கும். திறந்திருந்ததால் அழுத்தம் சிறுகச் சிறுக வடிந்தது. வெடிப்புகளுக்கு நடுவே ஓரளவு ஒழுங்கான இடைவெளி இருந்தது. பக்கவாட்டில் ஆள் நடக்கும் வேகத்தில் எரிகுழம்பு வழிந்தது.

இந்த ஒழுங்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று நான் நினைக்கிறேன். ஒழுங்கு இருக்கும் இடத்தில்தான் அனுபவ அறிவு சேரும். நாள்தோறும் மலையைப் பார்த்து வளர்ந்த ஒருவன், இன்று எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை வீசுகிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தச் சரிவில் கந்தகப் புகை தேங்கும், மேலே இறுகிப்போன எரிகுழம்பின் ஓடு எந்த இடத்தில் ஆளைத் தாங்கும் என்று தெரிந்துகொள்ள முடிந்தது. அந்த அறிவை விற்கவும் முடிந்தது. அதோடு, மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில், ஐரோப்பாவின் மிகப்பெரிய நகரங்களில் ஒன்றான நேப்பிள்ஸ் இருந்தது. வாங்குகிறவர்களுக்குக் குறைவில்லை.

1638இல் யேசுசபைப் பாதிரியாரும் அறிஞருமான அதனாசியஸ் கிர்ச்சர் வந்தார். கலாப்ரியாவின் பெரும் நிலநடுக்கத்தை நேரில் பார்த்துவிட்டு, பூமிக்குள் என்னதான் இருக்கிறது என்ற கேள்வியோடு வந்தவர் அவர். நள்ளிரவில் போர்ட்டிச்சியை அடைந்து, வழி தெரிந்த ஒரு குடியானவரைக் கூலி பேசி அமர்த்திக்கொண்டு ஏறினார். எரிமலை வாய் முழுவதும் செந்தீயாய் ஒளிர்வதைக் கண்டார். விடிந்ததும் அதற்குள் இறங்கியும் பார்த்தார். கால் நூற்றாண்டுக்குப் பின் வெளிவந்த அவருடைய 'பாதாள உலகம்' என்ற பெரிய லத்தீன் நூலில், பூமியின் உள்ளே நெருப்பு வாய்க்கால்கள் ஓடுவதாக வரைந்த படங்கள் இருக்கின்றன. அறிவியலாக அவற்றில் பெரும்பகுதி தவறு. ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்த எத்தனையோ பேர் வெசுவியஸை நேரில் பார்க்க ஆசைப்பட்டிருப்பார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் படிப்பை முடித்ததும் இத்தாலிக்குப் போய்வருவது வழக்கமானது. பெரும்பாலும் ரோமோடு நின்றுகொண்டிருந்த அந்தப் பயணம், 1738இல் ஹெர்குலேனியத்திலும் 1748இல் பொம்பேயியிலும் அகழாய்வு தொடங்கியபின் நேப்பிள்ஸ் வரை நீண்டது. காலையில் புதைந்த நகரத்தைப் பார்த்துவிட்டு மாலையில் அதைப் புதைத்த மலையை ஏறலாம். இப்படி ஒரு வாய்ப்பு உலகில் வேறெங்கும் இல்லை.

1764இல் பிரிட்டன் தன் தூதராக வில்லியம் ஹாமில்ட்டனை நேப்பிள்ஸுக்கு அனுப்பியது. 36 ஆண்டுகள் அவர் அந்தப் பதவியில் இருந்தார். அறுபது தடவைக்கும் மேல் வெசுவியஸ் ஏறினார். தான் பார்த்ததை லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1770இல் அந்தச் சங்கம் அவருக்குக் கோப்ளி பதக்கம் கொடுத்தது. 1776இல் பியெத்ரோ ஃபாப்ரிஸின் ஓவியங்களுடன், 54 படங்களுக்கும் கையால் வண்ணம் தீட்டி அவர் வெளியிட்ட 'கம்ப்பி ஃப்ளெக்ரேயி' என்ற நூல் இன்றும் பார்த்தால் கண்ணை விட்டு அகலாது. அந்தப் படங்களில் நான் தேடிப்பிடித்துப் பார்ப்பது ஓரங்களில் நிற்கும் சின்னச் சின்ன மனிதர்களை. சீமான்களும் சீமாட்டிகளும் எரிகுழம்பைச் சுட்டிக்காட்டியபடி நிற்பார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

ஹாமில்ட்டனுடன் வழக்கமாக ஏறியவர் பார்த்தொலோமியோ பூமோ. ஒரு கண் பார்வை இல்லாதவர். அதனால் வெளிநாட்டார் அவரைப் பழைய புராணத்து ஒற்றைக்கண் அரக்கனின் பெயரால் 'வெசுவியஸின் சைக்ளோப்ஸ்' என்று அழைத்தார்கள். பெயர் தங்கிய மிகச் சில வழிகாட்டிகளில் அவர் ஒருவர். அதற்கும் தூதரின் புகழ்தான் காரணம். 1767 அக்டோபர் 19 அன்று ஹாமில்ட்டன் ஒரு குடியானவரை அழைத்துக்கொண்டு மேலே போயிருந்தார். எரிகுழம்பைக் கவனித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று மலைக்குள் பேரிரைச்சல் கேட்டது. கால் மைல் தூரத்தில் மலை பிளந்து நெருப்பு ஊற்றாகப் பீறிட்டது. கூட வந்தவர் ஓடத் தொடங்கினார். தூதரும் பின்னாலேயே ஓடினார். ஏறக்குறைய மூன்று மைல் நிற்காமல் ஓடியதாக அவரே எழுதியிருக்கிறார். மலை படித்தவர் முதலில் ஓடினார், நூல் படித்தவர் அவரைப் பார்த்து ஓடினார். ஹாமில்ட்டன் அதை மறைக்காமல் எழுதியது அவர் மேல் எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

ரெசினா என்ற ஊர் இந்தக் கதையின் நடுமையம். ஹெர்குலேனியத்தைப் புதைத்த அதே படிவத்தின் மேல் எழுந்த ஊர். 1969இல்தான் அது எர்க்கொலானோ என்று பழைய நகரத்தின் பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டது. நேப்பிள்ஸிலிருந்து வண்டியில் வருகிறவர்கள் அங்கே இறங்கியதுமே கோவேறு கழுதைக்காரர்களும் வழிகாட்டிகளும் சூழ்ந்துகொள்வார்கள். பேரம் முடிந்ததும் திராட்சைத் தோட்டங்களின் ஊடாக மேலே போகும் பாதை. ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் சால்வதோரே கோயிலை ஒட்டி ஒரு துறவியின் குடில். துறவி பயணிகளுக்கு ரொட்டியும் அந்த மலையின் 'லாக்ரிமா கிறிஸ்டி' ஒயினும் தருவார், விலைக்குத்தான். பிறகு ஆத்ரியோ தெல் காவல்லோ என்னும் பள்ளத்தாக்கு. அங்கே விலங்குகளை விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் காலும் கோலும்தான்.

அந்தக் கடைசி ஏற்றத்தில்தான் ரெசினாக்காரர்களின் பிழைப்பு முழுவதும் இருந்தது. வாரைப் பிடித்துக்கொண்டு இழுபட ஒரு கூலி. நாற்காலியைக் கழிகளில் கட்டி நான்கு பேர் தோளில் சுமக்கும் டோலிக்குப் பெருங்கூலி. சூடான பிளவில் முட்டையை வேகவைத்துக் கொடுப்பார்கள். இளகிய எரிகுழம்பைக் கோலால் இழுத்து எடுத்து, அதற்குள் ஒரு செப்புக்காசை அழுத்தி, ஆறியதும் காசும் கல்லுமாக நினைவுப்பொருள் விற்பார்கள். அந்தக் காசுக் கற்களை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பயணக் கையேடுகள் இந்தக் கூலிகளையெல்லாம் வரிசைப்படுத்தி அச்சிட்டன. பணம் பிடுங்குகிறார்கள் என்று பயணிகள் ஓயாமல் புலம்பியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் ஒப்புதல் இல்லை. விளைநிலத்தின் மேல் எப்போது சாம்பல் கொட்டும் என்று தெரியாத ஊரில், மலை தந்த ஒரே நிலையான வருமானம் அது.

1839இல் நேப்பிள்ஸ்–போர்ட்டிச்சி ரயில் ஓடத் தொடங்கியது. இத்தாலியின் முதல் ரயில் பாதை அதுதான். மலையடிவாரம் இன்னும் பக்கமானது. 1845 ஜனவரி 21 இரவு, முழுநிலவில், பனி மூடிய கூம்பில் சார்லஸ் டிக்கன்ஸ் ஏறினார். அவர் மனைவியையும் மனைவியின் தங்கையையும் டோலியில் சுமந்தார்கள். டிக்கன்ஸ் விளிம்புவரை ஊர்ந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அங்கங்கே தீப்பற்றிய உடையோடு திரும்பினார். இறங்கும்போது பனி கண்ணாடியாய் இறுகியிருந்தது. கைகோத்துச் சங்கிலியாக இறங்கியும், சிலர் வழுக்கிச் சரிவில் உருண்டார்கள். 'இத்தாலியச் சித்திரங்கள்' நூலில் அவர் விவரித்த அந்த இரவைப் படித்தவர்களுக்கு, வெசுவியஸ் ஏறாத இத்தாலிப் பயணம் குறைப்பயணமாகத் தோன்றத் தொடங்கியது.

அதே ஆண்டில் துறவியின் குடிலுக்கு அருகே உலகின் முதல் எரிமலை ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டு 1841இல் நிறுவியது. 1855 முதல் அதன் இயக்குநராக இருந்த லூயிஜி பால்மியேரி, மின்காந்தத்தால் இயங்கும் நிலநடுக்கப் பதிவுக் கருவியை உருவாக்கியவர். மலையின் துடிப்பைக் கருவியும் எண்ணத் தொடங்கிய காலம் அது. 1872 ஏப்ரலில் எரிகுழம்பைப் பார்க்க இரவோடு இரவாகக் கூட்டம் ஏறியது. 26ஆம் தேதி அதிகாலை மூன்றரை மணியளவில் கூம்பு பிளந்தது. ஆத்ரியோ பள்ளத்தாக்கில் நின்றிருந்தவர்கள் புகையிலும் நெருப்பு மழையிலும் சிக்கினார்கள். இறந்தவர்களில் மருத்துவ மாணவர்களும் இருந்தார்கள். அவர்களை அழைத்துப்போனவர்கள் அனுபவமற்ற வழிகாட்டிகள் என்று பால்மியேரி தம் அறிக்கையில் எழுதினார். ஆய்வுக்கூடத்தின் இருபுறமும் எரிகுழம்பு ஓடியபோதும் அந்த மனிதர் கருவிகளை விட்டு நகரவில்லை. பல ஆண்டு பழகிய கண்ணுக்கும், கூட்டத்தைக் கண்டு கூலிக்காக அன்று சேர்ந்துகொண்ட காலுக்கும் உள்ள வேறுபாடு அந்த அதிகாலையில் எல்லோருக்கும் புரிந்திருக்க வேண்டும். எத்தனை கருவி வந்தாலும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரிந்ததுதான் காப்பாற்றும்.

1880 ஜூனில் கூம்பின் சரிவில் பழனியில் இருப்பதைப் போன்ற ஒரு விஞ்ச் ரயில் ஓடத் தொடங்கியது. பாதையின் நீளம் சுமார் 800 மீட்டர். ஒன்று ஏற ஒன்று இறங்கும் இரண்டு பெட்டிகளுக்கு வெசுவியோ, எட்னா என்று பெயர். மூச்சுத் திணறலும் வாரும் இல்லாமல் சில நிமிடங்களில் உச்சிக்கு அருகே போய்விடலாம். ஆரம்பத்தில் ஏற மக்கள் தயங்கினார்கள். அந்த ஆண்டே பெப்பினோ துர்க்கோ எழுதி லூயிஜி டென்ஸா இசையமைத்த 'ஃபுனிக்குலி ஃபுனிக்குலா' பாட்டு, நேப்பிள்ஸின் பியெதிக்ரோத்தா திருவிழாவில் ஒலித்து உலகம் சுற்றியது. சில ஆண்டுகளில் ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அதை நாட்டுப்புறப் பாட்டு என்று எண்ணித் தம் 'இத்தாலியிலிருந்து' இசைப்படைப்பில் சேர்த்துவிட்டார், டென்ஸா வழக்குப் போட்டார். ஒரு மலை ரயிலுக்காக எழுதிய பாட்டு, எழுதிய சில ஆண்டுகளிலேயே யாருடையது என்று தெரியாத அளவுக்கு எல்லோருடையதும் ஆகியிருந்தது.

அந்தப் பாட்டில் இல்லாத ஒன்று ரெசினாக்காரர்களின் கதி. ரயில் வந்ததும் வாருக்கும் டோலிக்கும் வேலை குறைந்தது. 1880களின் இறுதியில் லண்டனின் தாமஸ் குக் நிறுவனம் ரயிலை வாங்கியது. வழிகாட்டிகள் தங்கள் பங்கைக் கேட்டார்கள். பிணக்கு முற்றி, நிலையத்துக்குத் தீ வைத்ததாகவும், பாதையை வெட்டியதாகவும், ஒரு பெட்டியைப் பள்ளத்தில் தள்ளியதாகவும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. கடைசியில் ஏறும் ஒவ்வொரு பயணிக்கும் இவ்வளவு என்று வழிகாட்டிகளுக்குக் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பயண வரலாற்று நூல்களில் இது ரவுடித்தனமாகவே வருகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டவர்கள், ஒரு சீட்டு விற்கும் கூண்டு வந்ததும் தேவையற்றவர்கள் ஆனார்கள். தீ வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது நியாயமான பங்கு.

இதே காலத்தில் உலகின் மறுபக்கத்தில் இன்னொரு கிளை முளைத்திருந்தது. ஹவாய்த் தீவின் கிலாவேயா எரிமலையின் விளிம்பில் 1846இலேயே 'வல்கேனோ ஹவுஸ்' என்ற பெயரில் புல் வேய்ந்த தங்குவிடுதி இருந்தது. 1866இல் மார்க் ட்வைன் அங்கே தங்கி, இரவில் எரிகுழம்பு ஏரியைப் பார்த்தார். மறு ஆண்டே வெசுவியஸையும் ஏறினார். கிலாவேயாவைப் பார்த்த கண்ணுக்கு வெசுவியஸ் சிறியதாகத் தெரிந்ததாக எழுதினார். 1873இல் வந்த இசபெல்லா பேர்டு என்ற ஆங்கிலப் பெண் பயணியும் அந்த நெருப்பு ஏரியை நேரில் பார்த்து எழுதினார். அந்த மலை ஹவாய் மக்களுக்குப் பெலே என்னும் தெய்வத்தின் இருப்பிடம். அங்கே வழிகாட்டியவர்கள் தங்கள் தெய்வத்தின் வீட்டுக்குள்தான் விருந்தாளிகளை அழைத்துப் போனார்கள். 1916இல் அது தேசியப் பூங்காவானது.

வெசுவியஸில் 1906 வெடிப்பு விஞ்ச் ரயிலை அழித்தது. மறுபடி கட்டினார்கள். 1944 மார்ச்சில், போரின் நடுவே வந்த வெடிப்பு அதற்கும் முடிவு கட்டியது. அத்தோடு மலையின் தொண்டையும் அடைபட்டது. அன்றிலிருந்து வெசுவியஸ் ஆவியை மட்டும் விடுகிறது. 1995இல் தேசியப் பூங்காவான அந்த மலைக்கு இன்று பேருந்தில் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் வரை போய், முன்கூட்டியே வாங்கிய சீட்டைக் காட்டி, அகலமான சரளைப் பாதையில் அரைமணி நேரம் நடந்தால் எரிமலை வாயின் விளிம்பு வந்துவிடும். மலை 1281 மீட்டர். குழந்தைகளும் ஏறுகிறார்கள். திறந்த தொண்டையைவிட அடைபட்ட தொண்டைதான் அபாயம் என்பதை அறிவியலாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அடிவாரத்து ஊர்களுக்காக மலையை ஆய்வுக்கூடம் இரவும் பகலும் கவனித்துக்கொண்டிருப்பது அதனால்தான்.

வீச்சுகளுக்கு நடுவே இடைவெளியை எண்ணும் அந்தப் பழைய முறை எல்லா எரிமலைக்கும் செல்லாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எரிகுழம்பு மேலே வராமலேயே, பாறைக்குள் தேங்கிய நீர் சூடேறி ஒரு நொடியில் ஆவியாகி வெடிக்கும் வகை ஒன்று இருக்கிறது. அதற்கு இடைவெளியும் கிடையாது, எண்ணிக்கையும் கிடையாது. முன்னறிவிப்பும் மிகக் குறைவு. 2014 செப்டம்பர் 27, இலையுதிர்கால விடுமுறைச் சனிக்கிழமை. ஜப்பானின் ஒந்தாகே மலையுச்சியில் பகலுணவு நேரத்தில் அப்படித்தான் வெடித்தது. 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி எரிமலைத் தீவு அப்படி வெடித்தபோது 47 பேர் தீவில் இருந்தார்கள். 22 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் இருவர் வழிகாட்டிகள். எத்தனை ஆண்டுப் பழக்கமும் அன்று உதவவில்லை. எரிமலைப் பயணம் போக விரும்புகிறவர்கள் மலையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால், அது எந்த வகையில் வெடிக்கும் மலை, இன்றைய எச்சரிக்கை நிலை என்ன என்று கேட்க வேண்டும். எச்சரிக்கை நிலை உயர்ந்திருக்கும்போது அழைத்துப்போக மறுக்கிறவரே நல்ல வழிகாட்டி. அப்படி மறுத்தால் அவருக்கு அன்றைய கூலி போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கதேயை இழுத்துக்கொண்டு ஓடிய இளைஞன் பார்த்ததைப் போன்ற மலை இத்தாலியில் இன்றும் ஒன்று உண்டு. சிசிலிக்கு வடக்கே, 924 மீட்டர் உயரத் தீவான ஸ்ட்ரோம்போலி. விட்டுவிட்டுக் கல் வீசும் எரிமலைகளின் வகைக்கே அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பயணிகள் மாலையில் வழிகாட்டியோடு ஏறி, இருட்டியபின் உச்சியிலிருந்து வெடிப்புகளைப் பார்த்துவிட்டு இறங்குவது வழக்கமாக இருந்தது. 2019 ஜூலை 3ஆம் தேதி வழக்கத்தைவிடப் பலமடங்கு பெரிய வெடிப்பில் மலையேறிய ஒருவர் இறந்தார். உச்சியை மூடிவிட்டார்கள். அதன்பின் வழிகாட்டிகள் 400 மீட்டர் உயரம் வரைதான் அழைத்துப்போனார்கள். அங்கிருந்து பார்த்தாலும் கற்கள் சிவந்து எழும்புவது தெரியும்.

அந்த வழிகாட்டிகளின் தொழிலுக்கு இப்போது சட்டத்தில் இடம் இருக்கிறது. 1989 ஜனவரி 2ஆம் தேதி இத்தாலி இயற்றிய மலை வழிகாட்டிகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, எரிமலைகள் உள்ள மாநிலங்கள் 'எரிமலை வழிகாட்டி' என்ற தனித்தொழிலை அங்கீகரித்து, அதற்குப் பயிற்சியும் தேர்வும் நடத்தலாம் என்கிறது. எட்னாவிலும் ஸ்ட்ரோம்போலியிலும் அந்தத் தகுதி பெற்றவர்கள் இன்று பயணிகளுக்கு முன்னால் நடக்கிறார்கள்.